வடலூர் அடுப்பும் வடலூர் வாசலும்

வள்ளலாருக்கு இன்று உரிமை கொண்டாடாதவர் யாரும் இல்லை. தமிழக அரசு அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்கிறது. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 ஜூன் 21 அன்று வடலூருக்கே வந்து, சனாதன தர்மத்தின் உச்சியில் அவரைத் தூக்கி வைத்துப் பேசினார். அதே ஜூன் 7ஆம் தேதிதான் எங்கள் விழுப்புரத்துக்குப் பக்கத்தில், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்திருந்தார்கள். தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்ததால் விழுந்த பூட்டு அது. பண்ருட்டியைத் தாண்டினால் வடலூர். கருணைக்கும் பூட்டுக்கும் நடுவில் அவ்வளவுதான் தூரம்.

ஆகவே, வள்ளலார் சனாதனியா சீர்திருத்தவாதியா என்பது மற்றவர்களுடைய சண்டை. சேரியிலிருந்து பார்த்தால் அவர் யார் என்பதே நம் கேள்வி.

1823இல் மருதூரில் கணக்கர் குடும்பத்தில் பிறந்த இராமலிங்கம், 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 மே 23இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1872 ஜனவரியில் சத்திய ஞானசபை. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது வேதம், ஆகமம், புராணம், சாதி, சமயம் எல்லாவற்றையும் கைவிடச் சொன்னார். 1874 ஜனவரி 30இல் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. ஆறுமுக நாவலர் தரப்பு அவர் பாடல்களை மருட்பா என்று தூற்றி, வழக்கு மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. சைவ மடத்துப் பண்டிதர்களுக்கு அவர் ஆபத்தானவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த ஆபத்தை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மழுங்கடித்தார்கள். சோதி மட்டுமே இருந்த ஞானசபைக்குள் லிங்கமும் பிரதோஷமும் நுழைந்தன. இது வள்ளலார் நெறி அல்ல என்று 2006இல் அறநிலையத்துறை உத்தரவு போட, 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இதுவரை தோழர்கள் எல்லோரும் சொல்வதுதான். இனி நாம் சொல்ல வேண்டியது.

ஞானசபை வாசலில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. கொலையும் புலையும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்பது அதன் பொருள். வள்ளலார் மனிதர்களை அகவினம், புறவினம் என்று இரண்டாகப் பிரித்தார். கறி தின்கிறவர் புறவினம். அவர்களுக்குப் பசியை மட்டும் ஆற்று, உபதேசமும் நட்பும் வேண்டாம் என்கிற தொனியில் பாடியும் இருக்கிறார்.

அதில் சாதிப் பெயர் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஊர்த்தெருவிலும் கறி வேகுது. அவர்களும் அந்தக் கணக்கில் புறவினம்தான். ஆனால் புலை என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் அது இறைச்சி, இழிவு, ஒரு சாதியும்கூட. பெரியபுராணம் நந்தனார் குடியிருப்பைப் புலைப்பாடி என்றே சொல்கிறது. ஊர்த்தெரு அடுப்பில் வேகிற ஆட்டுக்கறியை யாரும் சாதியோடு சேர்த்துப் பேசுவதில்லை. சேரிச் சட்டிக்கு மட்டும் அந்தச் சொல் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்கிறது.

காணைப் பக்கம் எங்க ஆயா சொல்லும்: "மாடு செத்தா ஆள் வுட்டு கூப்புடுவாங்க. இழுத்துப் போடுறது நம்ம வேல. கூலி கெடையாது, அந்தக் கறிதான் கூலி. அப்பறம் அதத் தின்னதுக்கும் அவங்களே மூஞ்சிய சுளிப்பாங்க." ஊர் சுமத்திய வேலையையும் ஊர் வைத்த பட்டினியையும் பார்க்காமல் வெறும் தட்டை மட்டும் பார்க்கிற கருணை, அரைக் கருணைதான்.

1927இல் மகாடில் செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று அம்பேத்கரும் சொன்னார். அது சுயமரியாதைக்காக நமக்குள் நாம் எடுக்கும் முடிவு. வாசலில் நின்று ஒருவர் போடும் நிபந்தனை அல்ல. பிறகு 1948இல், மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்று உறவை அவரே எழுதிக் காட்டினார்.

வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றார் வள்ளலார். பழைய சிதம்பரத்துக்குள் போக நந்தன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. புதிய சிதம்பரத்தில் நெருப்பு அடுப்பாக மாறியது. அது பெரிய மாற்றம், மறுக்க மாட்டேன். தருமசாலைப் பந்தியில் சாதி கேட்பதில்லை. எங்க ஆயா தைப்பூசத்துக்குப் போய் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து, "எல சரிசமமா போட்டாங்கடா" என்று வருசக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் சோறு போடுவது ஒன்று, கூட உட்கார்ந்து பேசுவது இன்னொன்று. அதே தென்னார்க்காட்டில், 1916இல் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் திறந்த சுவாமி சகஜானந்தர் இந்த வித்தியாசம் தெரிந்தவர். பசியாறிய பிள்ளைக்கு அடுத்தது எழுத்து வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வேதத்தையும் சாதியையும் உதறிய 1873 வள்ளலாரைச் சனாதனிகளிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த அடுப்பு நம்முடையதும்தான். ஆனால் சன்மார்க்க மேடைகளில் நம்மைப் பேசக் கூப்பிடும்போது, அகம் புறம் என்ற அந்தக் கோட்டைப் பற்றியும் புலை என்ற அந்தச் சொல்லைப் பற்றியும் வெளிப்படையாகக் கேளுங்கள். எவ்வுயிரும் ஒன்று என்று சொன்னவர் வழியில் வந்தவர்கள், கறி தின்கிற மனிதனோடு சோற்றுக்கு அப்பால் என்ன உறவு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? பதிலை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.