வட்டின் பாகப் பத்திரம்

பழைய கணிப்பொறி ஒன்றிலிருந்து கழற்றிய வட்டை வேறொரு கணிப்பொறியுடன் இணைக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். வட்டு சுழலும் ஒலி கேட்கிறது. பழுது ஏதும் இல்லை. ஆனால் திரையில் ஒரு செய்தி தோன்றுகிறது: இவ்வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? வட்டிலோ பத்தாண்டுக் காலத்து நிழற்படங்களும் கணக்குகளும் நிறைந்து கிடக்கின்றன. 'ஆம்' என்னும் பொத்தானை அழுத்திவிட்டால் அவற்றைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

இச்செய்தியைக் கண்டு, வட்டு காலியாகிவிட்டது என்று எண்ணிக் கலங்குவோர் பலர். உண்மையில் கணிப்பொறி சொல்ல வேண்டியது, "இதில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்பதே ஆகும். தெரியாதது வேறு, இல்லாதது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் கணிப்பொறிகளுக்கு எவ்வாறு வந்தது, அதனை மாற்றும் முயற்சி எங்கே நடந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிலத்தைப் பாகம் பிரிப்பதை நாம் அறிவோம். அண்ணன் தம்பியர் நிலத்தைப் பிரித்துக் கொள்ளும்போது வரப்புப் போட்டால் மட்டும் போதாது. எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, அதன் அளவு என்ன, அது யாருக்கு உரியது என்பவற்றைப் பத்திரத்தில் எழுத வேண்டும். வட்டுக்கும் இதே முறைதான். ஒரே வட்டைப் பல பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி வட்டு போலப் பயன்படுத்தலாம். அதற்கான பத்திரம் வட்டிலேயே, பெரும்பாலும் அதன் தொடக்கத்திலேயே, எழுதப்படுகிறது. கணிப்பொறியை ஆளும் ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது இயக்க முறைமை, வட்டைக் கண்டவுடன் முதலில் தேடுவது இப்பத்திரத்தைத்தான்.

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியை 10 மெகாபைட் நிலைவட்டுடன் வெளியிட்டது. அத்துடன் வந்த டாஸ் 2.0 வட்டின் முதல் செக்டாரில் ஒரு பத்திரத்தை எழுதியது. ஒரு செக்டார் என்பது 512 பைட். அதில் முதல் 446 பைட்டுகள் கணிப்பொறியைத் தொடங்கி வைக்கும் சிறு நிரலுக்கு ஒதுக்கப்பட்டன. அடுத்த 64 பைட்டுகளே பத்திரம். பாகம் ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பாகங்களை அதில் குறிக்கலாம். எஞ்சிய இரண்டு பைட்டுகளில் 85, 170 என்ற எண்கள் முத்திரை போல நிற்கும். ஒவ்வொரு பாகத்தின் குறிப்பிலும் ஒரு பைட், அப்பாகம் எவ்வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் குறியெண் ஆகும். இந்த ஒற்றைப் பைட்டைப் பற்றிப் பின்னர் ஒரு கதை வருகிறது, நினைவில் வையுங்கள்.

இம்முறை உலகமெங்கும் பரவியது. ஆனால் உலகில் அது ஒன்றே முறையாக இருக்கவில்லை. 1987இல் வெளிவந்த மாக்கின்டாஷ் II கணிப்பொறிக்காக ஆப்பிள் நிறுவனம் வேறொரு பத்திரம் வகுத்தது. அதில் பாகம் ஒவ்வொன்றுக்கும் 512 பைட் கொண்ட தனி ஏடு உண்டு. பாகத்தின் வகையை எண்ணால் குறிக்காமல் பெயராலேயே எழுதினர். சன் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் எட்டுப் பாகங்களுக்கு இடமுண்டு. முத்திரை 218, 190. காமடோர் நிறுவனத்தின் அமிகாவோ இன்னும் விசித்திரமானது. அதன் பத்திரம் முதல் 16 பிளாக்குகளில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆர்.டி.எஸ்.கே. என்ற நான்கு எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு பாகத்தின் குறிப்பு அடுத்த பாகத்தின் இருப்பிடத்தைக் காட்ட, சங்கிலி போல அது தொடரும்.

ஏன் இத்தனை முறைகள்? அக்காலத்தில் நிறுவனங்கள் கணிப்பொறி, வட்டு, இயக்க முறைமை மூன்றையும் சேர்த்தே விற்றன. தம் வட்டு பிறர் கணிப்பொறிக்குள் செல்லும் என்று அவை எதிர்பார்க்கவில்லை. தமக்குப் புரியாத வட்டு என்றால் கடையிலிருந்து வந்த புது வட்டாகத்தான் இருக்கும் என்று கருதின. பழைய மாக்கின்டாஷ் ஓர் அன்னிய வட்டைக் கண்டால், படிக்க முடியவில்லை, புதிதாக்கட்டுமா என்று கேட்கும். பிற்கால விண்டோஸும் ஏறத்தாழ அதையே கேட்டது. தெரியாததை இல்லாததாகக் கொள்ளும் பழக்கத்தின் வேர் இதுதான் என்பது என் கருத்து.

இங்கு இயற்பியல் பயிலும் மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம். வேறுபாடு எழுத்து முறையில் மட்டும்தானா, வட்டின் இயக்கத்தில் இல்லையா? நல்ல கேள்வி. தொடக்கக் கால நெகிழ்வட்டுகளில் அந்த வேறுபாடும் இருந்தது. 1984ஆம் ஆண்டு மாக்கின்டாஷின் நெகிழ்வட்டு இயக்கி, வெளித்தடங்களைப் படிக்கும்போது மெதுவாகவும் உள்தடங்களைப் படிக்கும்போது விரைவாகவும் வட்டைச் சுழற்றியது. வெளித்தடத்தின் சுற்றளவு அதிகமல்லவா? அங்கே 12 செக்டார்களும் உள்ளே செல்லச் செல்லக் குறைந்து 8 செக்டார்களும் அமைந்தன. பி.சி.யின் இயக்கியோ மாறாத வேகத்தில் சுழலும். எனவே மாக்கின்டாஷ் நெகிழ்வட்டைச் சாதாரண பி.சி. படிக்க இயலாமல் போனதற்கு இயந்திர அமைப்பே காரணம். 1988இல் ஆப்பிள் இரு வகைகளையும் படிக்கும் இயக்கியை வெளியிட்ட பின்னரே இத்தடை ஒரு பக்கத்திலேனும் நீங்கியது. நிலைவட்டில் இத்தடை பெரும்பாலும் இல்லை. ஸ்கசி போன்ற பொது இணைப்புகள் வந்தபின், எந்த வட்டானாலும், "இத்தனையாவது செக்டாரைக் கொடு" என்றால் கொடுத்துவிடும். பைட்டுகள் கைக்கு வந்த பிறகும் படிக்க முடியவில்லை என்றால், குறை வட்டில் இல்லை, படிப்பவரிடம்தான் உள்ளது.

அப்படிக் கைக்கு வந்த எண்களைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பாகம் 2048ஆம் செக்டாரில் தொடங்குகிறது என்க. இதை நான்கு பைட்டுகளில் எழுத வேண்டும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே அடங்கும் என்பதால், நாம் பத்துப் பத்தாக எண்ணுவது போலக் கணிப்பொறி 256, 256ஆக எண்ணுகிறது. 2048 என்பது 8 × 256. இன்டெல் சில்லு சிறிய இடமதிப்பை முதலில் வைக்கும். ஆகவே 0, 8, 0, 0 என எழுதும். அக்கால மாக்கின்டாஷிலும் அமிகாவிலும் இருந்த மோட்டோரோலா சில்லும், சன்னின் ஸ்பார்க் சில்லும் நம்மைப் போலப் பெரிய இடமதிப்பை முதலில் வைப்பவை. அதே 0, 8, 0, 0 என்பதை அவை 8 × 256 × 256, அதாவது 5,24,288 என்று படிக்கும். சுமார் 10 லட்சம் பைட் தொலைவில் தொடங்கும் பாகத்தை 26 கோடி பைட்டுக்கு அப்பால் தேடிக்கொண்டிருக்கும்! டேனி கோஹன் என்ற அறிஞர் 1980இல் இவ்விரு கட்சியினருக்கும் பெயர் சூட்டினார். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கல்லிவரின் பயணங்களில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காகவே போரிடுவோர் வருகிறார்கள். அவர்களின் பெயர்களையே கோஹன் எடுத்துக் கொண்டார்.

இனி, 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸுக்கு வருவோம். லினக்ஸ் பிறந்தபோதே பிறர் வீட்டில் குடியிருந்தது எனலாம். டோர்வால்ட்ஸின் பி.சி.யில் மினிக்ஸ் என்ற இயக்க முறைமை ஒரு பாகத்தில் இருந்தது. லினக்ஸும் மினிக்ஸின் கோப்பு முறையையே முதலில் பயன்படுத்தியது. அவ்வாண்டின் இறுதியில், மோடத்துக்குச் செல்ல வேண்டிய கட்டளைகளைத் தவறுதலாக நிலைவட்டுக்கே அனுப்பி, தம் மினிக்ஸ் பாகத்தை அவர் அழித்துவிட்டார். மினிக்ஸை மீண்டும் நிறுவாமல் லினக்ஸையே முழுமையாக்க முடிவு செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

1990களின் நடுப்பகுதிக்குள் அமிகா, சன், டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்ஃபா எனப் பல கணிப்பொறிகளில் ஆர்வலர்கள் லினக்ஸை ஓட வைத்தனர். ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியின் பத்திரத்தைப் படிக்கும் நிரலைச் சேர்த்தனர். அப்போதுதான் ஒரு நல்ல விளைவு நேர்ந்தது. அமிகாவின் பத்திரத்தை அமிகாவில்தான் படிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அந்நிரலை பி.சி.யிலும் சேர்த்துவிட்டால், அமிகாவில் பிரித்த வட்டை பி.சி.யே படிக்கும். பைட் வரிசையை மாற்றிக் கொண்டால் போதும். லினக்ஸின் மையப் பகுதியை உருவாக்குவோரிடம், வேறு வகைக் கணிப்பொறியில் பாகம் பிரித்த வட்டுகளைப் பயன்படுத்த விருப்பமா என்று கேட்கும் ஒரு கேள்வியே அமைந்தது. 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் ஒவ்வொரு பத்திர வகைக்கும் தனித்தனி நிரற்கோப்பு இருந்தது. இன்று அவை ஒரு டஜனுக்கும் மேல்.

வட்டு தன்னை இன்ன வகை என்று சொல்வதில்லை. எனவே லினக்ஸ் ஒவ்வொரு முறையாகப் பொருத்திப் பார்க்கிறது. இது எளிய வேலை அன்று. 85, 170 என்ற முத்திரை பாகப் பத்திரத்திலும் உண்டு. பாகமே பிரிக்காத, டாஸ் கோப்பு முறை கொண்ட வட்டின் முதல் செக்டாரிலும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்த, நான்கு குறிப்புகளின் முதல் பைட்டும் 0 அல்லது 128ஆக இருக்கிறதா என்று நிரல் சோதிக்கிறது. வேறு எண் இருந்தால் அது பத்திரம் அன்று. அமிகாவின் நிரலில் இதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு. அமிகா பத்திரத்தில் எண்களின் கூட்டுத்தொகை பூச்சியமாக வர வேண்டும். வராவிட்டால் பத்திரம் பழுது. ஆனால் சில வட்டுகள் ஒருமுறை விண்டோஸ் கணிப்பொறிக்குச் சென்று வந்தவை. விண்டோஸின் சில பதிப்புகள் முதல் செக்டாரில் 220ஆம் பைட்டை ஒட்டி ஒரு குறிப்பை எழுதிவிடும். ஆகவே லினக்ஸ் நிரல், கூட்டுத்தொகை தவறினால் அந்த நான்கு பைட்டுகளை மட்டும் பூச்சியமாகக் கொண்டு மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறது. விண்டோஸ் கெடுத்திருக்கக் கூடும் என்று காரணத்தையும் நிரலாசிரியர்கள் அருகிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன குறியெண்ணுக்கு இப்போது வருவோம். எந்த எண் யாருக்கு என்று ஒதுக்கித் தரும் பதிவாளர் எவரும் இல்லை. லினக்ஸ் தன் ஸ்வாப் பாகத்துக்கு, அதாவது நினைவகம் நிரம்பும்போது பயன்படும் தற்காலிக இடத்துக்கு, 130 என்ற எண்ணை எடுத்துக் கொண்டது. சன் நிறுவனமும் இன்டெல் கணிப்பொறிகளுக்கான தன் சொலாரிஸ் இயக்க முறைமைக்கு அதே 130ஐப் பயன்படுத்தியது. விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரே வட்டில் இரண்டும் இருக்கையில், லினக்ஸை நிறுவும் நிரல் சொலாரிஸ் பாகத்தைத் தன் தற்காலிக இடம் என்று கருதி அதன்மேல் எழுதினால், ஒரு முழு இயக்க முறைமையும் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும். சொலாரிஸ் பின்னர் 191 என்ற எண்ணுக்கு மாறியது. எனினும் பழைய வட்டுகள் மாறவில்லை. எனவே லினக்ஸ், சொலாரிஸ் ஆதரவு சேர்க்கப்பட்டிருந்தால், 130ஐக் கண்டதும் பாகத்தின் உள்ளே சென்று சொலாரிஸின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறது.

பழைய பத்திரத்துக்கு இன்னொரு வரம்பும் இருந்தது. செக்டார் எண்ணுக்கு நான்கு பைட்டுகளே உள்ளதால், 512 பைட் செக்டாரில் சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு மேல் அதனால் குறிக்க இயலாது. இன்டெல் நிறுவனம் வகுத்த ஜி.பி.டி. என்னும் புதிய பத்திரம் இவ்வெண்ணுக்கு எட்டுப் பைட்டுகளும், வகைக்குறிக்குப் பதினாறு பைட்டுகளும் ஒதுக்கியது. வட்டின் இறுதியில் பத்திரத்தின் நகல் ஒன்றும் உண்டு. என் பார்வையில் அதன் சிறந்த அம்சம் வேறு. அதன் முதல் செக்டாரில் பழைய முறைப் பத்திரம் ஒன்றும் எழுதப்படுகிறது. 238 என்ற குறியெண்ணுடன், வட்டு முழுவதும் ஒரே பாகம் என்று அது சொல்லும். ஜி.பி.டி. அறியாத பழைய இயக்க முறைமை அதைக் கண்டு, ஏதோ தெரியாத பொருள் இருக்கிறது என்று ஒதுங்கிக் கொள்ளும்; காலி என்று எண்ணாது. 2006 ஜனவரியில் இன்டெல் சில்லுக்கு மாறிய மாக்கின்டாஷும் ஜி.பி.டி.யையே ஏற்றது. எனினும் லினக்ஸ் கருவிகள் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் வகைக்குறியையே தம் பாகங்களுக்கும் இட்டதால், விண்டோஸ் அவற்றைத் தன்னுடையவை என்று கருதி ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கத் தொடங்கியது. பதினாறு பைட் இருந்தும் 130இன் கதை மீண்டும் நடந்தது! லினக்ஸுக்குத் தனிக் குறி வகுத்த பின்னரே அது ஓய்ந்தது.

காமடோர் 1994இல் திவாலாயிற்று. டிஜிட்டலை 1998இல் காம்பாக் வாங்கியது. சன் 2010இல் ஆரக்கிளுடன் இணைந்தது. அவர்களின் பத்திரங்களைப் படிக்கும் நிரல்கள் லினக்ஸில் இன்றும் இருக்கின்றன. அமிகாவுக்கும் சன்னுக்கும் உரியவை சில நூறு வரிகளுக்கு மேல் இல்லை. பத்திரம் எல்லையை மட்டுமே காட்டும். ஒவ்வொரு பாகத்தின் உள்ளிருக்கும் கோப்பு முறையைப் படிப்பது வேறு வேலை. ஆனால் எல்லை தெரியாமல் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

உங்களிடம் அத்தகைய வட்டு வந்தால், முதலில் 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். முழு வட்டையும் பைட்டுக்குப் பைட் வேறொரு வட்டில் படியெடுத்து, படியை மட்டுமே சோதியுங்கள். பைட்டுகளை எண்களாகக் காட்டும் இலவச நிரல்கள் பல உள்ளன. முதல் 512 பைட்டுகளைப் பாருங்கள். இறுதியில் 85, 170 இருந்தால் 451ஆவது பைட்டை நோக்குங்கள். பத்திரமாயின் முதற்பாகத்தின் வகைக்குறி அதுவே. அங்கே 238 இருந்தால், அடுத்த செக்டாரின் தொடக்கத்தில் இ.எஃப்.ஐ. பார்ட் என்ற எட்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் தெரியும்.