டர்போ காரில் பூஸ்ட்டை எவ்வளவு ஏற்றலாம்? இன்ஜின் தாங்குமா என்று சோதிப்பது எப்படி?

மும்பை ஆண்டாப் ஹில் பகுதியில், வடாலா டிரக் டெர்மினலை ஒட்டி இருக்கிறது மும்பை கிழக்கு ஆர்டிஓ. 'எம்ஹெச் 03' வண்டிகள் பதிவாவது இங்கேதான். பக்கத்தில் வரிசையாக நிற்கும் லாரிகளுக்கு டர்போ பழைய சங்கதி. இப்போது சின்ன பெட்ரோல் கார்களிலும் வந்துவிட்டது. கூடவே, 'ரீமேப் பண்ணா பவர் கூடும்' என்ற ஆசையும்.

பூஸ்ட்னா என்ன?

சாதாரண இன்ஜின் வெளிக்காற்றை அப்படியே இழுக்கும். அதன் அழுத்தம் சுமார் 1 பார். 0.7 பார் பூஸ்ட் என்றால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் 1.7 பார். காற்று கூடினால் எரிபொருளும் கூடும், பவரும் கூடும். கூடவே சூடும்.

இன்ஜின் எங்கே அடி வாங்குகிறது?

பெரும்பாலும் 'நாக்'கில். பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மீதிக் கலவை தானாகவே வெடிப்பதுதான் நாக். பிஸ்டன் விளிம்பு உடையலாம், ஓட்டையே விழலாம். நாக் சென்சார் இதைக் கேட்டதும் இசியு இக்னிஷனைத் தாமதப்படுத்திக் காப்பாற்றப் பார்க்கும். எனவே பூஸ்ட் மீட்டரைவிட, இசியு எத்தனை டிகிரி பின்வாங்கியது என்ற கணக்குதான் முக்கியம்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட். இன்ஜின் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதோடு நிறுத்திவிடலாம். பிறகு டைனோவில் ஏற்றி, 0.1 பார் அளவில் மெதுவாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் நாக், காற்று-எரிபொருள் விகிதம் (பெட்ரோலில் முழு லோடில் பொதுவாக 12-ஐ ஒட்டி), உள்காற்றுச் சூடு, புகைச் சூடு நான்கையும் பதிவு செய்ய வேண்டும். பூஸ்ட் ஏறியும் டார்க் ஏறவில்லையா? டர்போ இப்போது காற்றைச் சூடாக்க மட்டுமே செய்கிறது. ஒரு படி இறங்குங்கள். எல்லை என்பது உடையும் இடம் இல்லை, அதற்கு நன்றாக முன்னாலேயே இருக்கிறது.

ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றாவதில் பவர் இறங்கினால் இன்டர்கூலர் திணறுகிறது என்று அர்த்தம். ஏசி அறை டைனோ வேறு, மே மாத வடாலா டிராஃபிக் வேறு. 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு ட்யூன் செய்துவிட்டு சாதாரண பெட்ரோல் போட்டால் நாக் திரும்பி வரும்.

சட்டம்?

ஆர்சி விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். டர்போ இல்லாத காரில் புதிதாக டர்போ பூட்டுபவர்கள் முதலில் ஆர்டிஓவில் கேட்பது நல்லது.

'பியுசி பாஸ் ஆயிடுச்சே' என்பதும் பதில் ஆகாது. பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனை வண்டி நின்ற இடத்தில், லோடு இல்லாமல் நடக்கிறது. பூஸ்ட் அப்போது எழும்புவதே இல்லை.