ஆயாக் கொட்டகையின் கணக்கு



தோட்ட வரலாறு என்று பேச்செடுத்தால் துரை பங்களா, புகைக்கூண்டு, மாரியம்மன் திருவிழா என்று நெடுநேரம் பேசுகிறோம். லயத்தின் ஓரத்தில் தகரக் கூரையுடன் நின்ற ஆயாக் கொட்டகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் இன்று சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும் வேலை தேடும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, "பிள்ளையை யாரிடம் விடுவது?" என்பதுதான். தோட்டத்தில் அதற்கு ஒரு விடை இருந்தது. அந்த விடை எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதை இன்று பார்ப்போம்.

ரப்பர் மரத்தின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே இருட்டோடு பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, விடியும்போது நிரையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் கண் விழிக்கும் நேரத்தில் தாயும் தந்தையும் காட்டில் இருப்பார்கள். தொடக்க காலத்தில் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய், மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வெட்டினார்கள். கொசுவும் மழையும் மலேரியாவும் எத்தனை குழந்தைகளைக் கொண்டு போயின என்பதை லயத்துக் கிழவிகள்தாம் எண்ணி வைத்திருந்தார்கள்.

1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. தனி ஆளாக வந்து மூன்றாண்டில் திரும்பிப் போகும் ஆணைவிட, மனைவி மக்களோடு வந்து தங்கும் குடும்பமே தோட்டத்துக்கு ஏற்றது என்று முதலாளிகள் கண்டுகொண்டனர். கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். 1922-இல் இந்தியா தன் குடியேற்றச் சட்டத்தை இயற்றி, வெளிநாடு போகும் தொழிலாளர் நிலையைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. கோலாலம்பூரில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவரும் அமர்த்தப்பட்டார். 1923-இல் இங்கே தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. பேறுகாலப் படி, பிள்ளைக் காப்பகம், தோட்டப் பள்ளி ஆகியவற்றுக்கு அதில் விதிகள் எழுதப்பட்டன. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்பது நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்புக்கே காரணமான விதி.

இவை இரக்கத்தால் மட்டும் வந்தவை என்று எண்ணிவிடலாகாது. 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. ஒரு கூலியில் குடும்பம் ஓடாது. இரண்டு கூலி வேண்டும். தோட்டத்துக்கும் இரண்டு கைகள் வேண்டும். வெட்டு வெட்ட முடியாமல் ஓய்ந்துபோன ஒரு மூதாட்டிக்குச் சொற்பக் கூலி கொடுத்து இருபது குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்தால், அவர்களுடைய தாய்மார் அத்தனை பேரும் நிரைக்குப் போகலாம். துரைக்கு இதைவிட இலாபமான முதலீடு வேறு இல்லை. அதற்காக அந்த ஆயாமாரைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். பால் கலக்கி, துணி மாற்றி, தூளி ஆட்டி, கடித்த எறும்புக்கு எண்ணெய் தடவி வளர்த்தவர்கள் அவர்கள். நல்ல கொட்டகையும் இருந்தது, மாட்டுத் தொழுவம் போன்ற கொட்டகையும் இருந்தது. ஆனால் எந்தத் தாயும் தன் கூலியிலிருந்து ஆயாவுக்கு எண்ணிக் கொடுத்ததில்லை. நம் கதைக்கு இதுவே முக்கியம். பிள்ளையைப் பார்க்கும் செலவு தாயின் கணக்கில் எழுதப்படவில்லை. தாய், தந்தை இருவரின் உழைப்பையும் வாங்கிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

விலை வீழ்ச்சியும் போரும் வந்து போயின. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பேறுகால விடுப்பை 60 நாளாக வகுத்தது. 1966-இல் குடியிருப்புக்கும் பிள்ளைக் காப்பகத்துக்கும் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் ஒன்றும் வந்தது. ஏட்டில் கொட்டகை பலமாக நின்றது. ஆனால் நிலம் காலடியிலிருந்து நழுவிக் கொண்டிருந்தது.

1950-களிலிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன; வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். சிறு துண்டை வாங்கியவர் குத்தகைக்காரரை வைத்து வேலை வாங்கினார். அவருக்குப் பால் வேண்டும், ஆயா எதற்கு? சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரே மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டம் வாங்கும் வழியைக் காட்டினார். அது பல குடும்பங்களைக் காத்தது. எல்லாரையும் காக்க அதனால் இயலவில்லை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலை அறுப்பது பெரும்பாலும் ஆண் வேலையாயிற்று. அதன்பின் செம்பனையும் போய், வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன.

தோட்டம் மூடும்போது கொடுக்கும் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980-ஆம் ஆண்டின் விதிமுறைகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. சேவை இரண்டாண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குக் குறைவானால் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். சம்பளம் என்றால் என்ன? வேலைச் சட்டத்தின் விளக்கத்தில் குடியிருப்பு, விளக்கு, தண்ணீர், வைத்தியம், அங்கீகரிக்கப்பட்ட வசதிகள் ஆகியவற்றின் மதிப்பு சம்பளத்தில் சேராது. முப்பது ஆண்டு வெட்டியவருக்கு முப்பது ஆண்டுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் லயம் இல்லை, கொட்டகை இல்லை. பாதிக் கூலியை வசதியாகவே பெற்றுவந்த குடும்பம், மீதிப் பாதிக்கு மட்டும் இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேறியது என்றே நாம் சொல்வோம்.

வெளியேறியவர்கள் புந்தோங் பக்கமும், ஜெலாப்பாங், தாசேக் தொழிற்பேட்டைகளின் பக்கமும் வந்தார்கள். பெண்களுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பேக்டரி பஸ் வாசலுக்கே வந்தது. வேலை மாறி மாறி வரும் ஷிப்டு முறை. விடியற்காலையும் நள்ளிரவும் பிள்ளையைப் பார்க்க ஆயா இல்லை. பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையேல் பக்கத்து வீடு. இரண்டும் இல்லாவிட்டால் மூத்த மகள். ஆசிரியர்களாகிய நாம் இதை வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறோம். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவியின் பெயருக்கு நேரே வாரத்தில் இரண்டு நாள் வட்டம் விழும். காரணம் கேட்டால் "தம்பிக்குக் காய்ச்சல்" என்பாள். காய்ச்சல் தம்பிக்கு, பாடம் போவது அக்காளுக்கு.

இப்போது வேலை தேடும் ஒரு தாயின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 187 வெள்ளியும் பெர்கேசோவுக்குச் சில வெள்ளியும் பிடித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. இரண்டு பிள்ளைகளைப் பார்க்கத் தலைக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 150. மிஞ்சுவது 750. "இதற்காகவா போக வேண்டும்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், ஆனால் கணக்கு பிழை. தந்தை வேலைக்குப் போவதும் பிள்ளையை யாரோ பார்ப்பதால்தானே? அந்த 600 வெள்ளியைத் தாயின் தலையில் மட்டும் எழுதுவானேன்? இருவர் சம்பளத்திலும் பாதிப் பாதி எழுதுங்கள். பழைய தோட்டக் கிராணிகூட அப்படித்தான் எழுதினார். பிடித்த 187 வெள்ளியும் தொலைந்துபோகவில்லை. முதலாளி தம் பங்காக 221 வெள்ளி போட வேண்டும். மாதம் 408 வெள்ளி தாயின் பெயரில் சேர்கிறது. பிடித்தம் ஒன்றும் இல்லாமல் ரொக்கமாக 1,600 தருகிறோம் என்று அழைக்கும் வேலை கைக்கு அதிகம் போலத் தோன்றும். இந்த 408-ஐ நினைத்துப் பாருங்கள்.

பிள்ளையை விடும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கட்டணத்துக்குப் பார்க்கும் இடம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பத்துக்கும் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே நடத்தலாம். பக்கத்து வீட்டு அக்காள் அன்பானவராக இருக்கலாம். பதிவு உண்டா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. காப்பகக் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு உண்டென்று சொல்வார்கள். வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாதவருக்கு அதனால் ஒரு காசும் வராது.

தோட்டத்து வசதிகள் லயத்தோடு ஒட்டியிருந்தன. இன்றைய உரிமைகள் ஆளோடு ஒட்டியிருக்கின்றன. 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். தந்தைக்கும் ஏழு நாள் உண்டு. 2018 முதல் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. கடந்த 24 மாதத்தில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியவர் வேலை இழந்தால், வேலை தேடும் காலத்தில் சில மாதங்களுக்குப் படி கிடைக்கும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தாமாக விலகியவருக்கு அது கிடைக்காது. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று ஒரு தாய் கடிதம் கொடுத்து நின்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் தாமாக விலகியவரே.

ஆகையால் விலகல் கடிதம் எழுதுமுன் வேறொரு கடிதம் எழுதலாம். வேலை நேரத்தையோ, வேலை செய்யும் நாளையோ, இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்க 2023 முதல் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் வாருங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது தோட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பழைய வேலைதான். நகல் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த தேதியை அதில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.