பழவேற்காட்டில் ஒல்லாந்தர்: மிதிவண்டியில் ஒரு நாள் வரலாறு

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியின் தென்கரையில் உள்ள மீனவர் ஊர். சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கியது.

நெதர்லாந்து மேடு பள்ளமற்ற நாடு. அங்கு மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் எண்ணிக்கை அதிகம். வாய்க்கால் கரையோரம் மிதிவண்டியில் சுற்றுவதற்கென்றே பலர் அங்கு செல்கின்றனர். ஒல்லாந்தரின் வரலாற்றைக் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பொன்னேரியில் இரயிலைவிட்டு இறங்கி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சமதளச் சாலையில் மிதித்தால் பழவேற்காடு வந்துவிடும். காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது.

கோட்டை

ஒல்லாந்தருக்கு முன்பே போர்த்துக்கீசியர் இங்கு வந்திருந்தனர். ஒல்லாந்தரின் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கப்பட்டது. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் அனுமதி பெற்று அக்கம்பெனி இங்கு பண்டகசாலை அமைத்தது. 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அதன் பின்னர் 1613-இல் எழுந்ததே கெல்டிரியா கோட்டை. அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்க்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது.

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டு பழவேற்காடும் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சேர்ந்தது. அதற்கு முன்பே கோட்டையை ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். இன்று அங்கே புதர்களும் அகழியின் தடமுமே மிச்சம்.

துணியும் மனிதரும்

மலுக்குத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கச் சோழமண்டலத் துணிகளே பணம்போலப் பயன்பட்டன. அவ்வூர் மக்கள் வெள்ளியைவிட நம் நெசவாளரின் துணியை விரும்பிக் கேட்டதே இதற்குக் காரணம். கட்டம் போட்ட கைலியை மலாய் மொழியில் இன்றும் 'பெலேகாட்' என்கின்றனர். அது பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்த சொல்.

துணி ஏற்றிய கப்பல்கள் மனிதரையும் ஏற்றின. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், வயிற்றுப்பாட்டிற்காகத் தம்மையோ தம் பிள்ளைகளையோ விற்கும் நிலை ஏழைகளுக்கு ஏற்பட்டது. அவ்வாறு விற்கப்பட்டவர்களை ஒல்லாந்தர் அடிமைகளாக பத்தாவியாவிற்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினர். பாடநூல்களில் ஐரோப்பியர் வருகையைப் படிக்கும் மாணவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அறிவுத் தொடர்பும் இருந்தது. 1632 முதல் 1642 வரை இங்கு மதகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜெரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பின் 1651-இல் அது லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்களை முதன்முதலாக ஐரோப்பிய மொழியில் தந்த நூல் அது.

கல்லறையும் ஏரியும்

கோட்டைக்கு அருகில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே, மரச்செதுக்கல் போன்ற நுண்ணிய வேலைப்பாட்டுடன் டச்சு மொழிக் கல்வெட்டுகள் உள்ளன. கம்பெனி அதிகாரிகளின் பெயர், பதவி, இறந்த நாள் அனைத்தும் அவற்றில் உண்டு. துணி நெய்தவருக்கும் கப்பலேற்றப்பட்டவருக்கும் அப்படி ஒரு கல்கூட இல்லை.

மாலையில் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பத்துப் பக்கம் போகலாம். இந்த ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்னும் முறைவைப்பு தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது வழங்கிவருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் எல்லோருக்கும் முறைப்படி கிடைக்கச் செய்வதே இதன் நோக்கம்.

முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் உள்ளே வராது. இறாலும் மீனும் குறையும். வலைக்குப் போக முடியாத பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்குப் போகின்றனர். கல்லறைக்குக் காவல் இருக்கிறது. பாடு முறையையும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது, இவ்வூர் வரலாற்றுக்கு நாம் செய்ய வேண்டிய பணி. பழவேற்காட்டுப் பள்ளி மாணவர்களே ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்துடன் அதைத் தொடங்கலாம்.