வாவியின் இரு கரைகளும் கல்வியும்

மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. ஞாயிறு எழும் பக்கம், கடலை அடுத்தது, எழுவான்கரை. படும் பக்கம், வயல்வெளியை அடுத்தது, படுவான்கரை. நம் நாட்டிற் பெருஞ் சிறப்புடைய கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரமும் மண்டூர் முருகன் ஆலயமும் படுவான்கரையில் உள்ளன. பெயர்பெற்ற கல்லூரிகளோ புளியந்தீவிலும் எழுவான்கரையிலுமே எழுந்தன. கோவில் ஒரு கரையிலும் கல்லூரி மறு கரையிலுமாக அமைந்தது எவ்வாறு?

மிஷனரிமார் வருமுன் இங்கு எழுத்தறிவே இருந்ததில்லை என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. வைகாசிச் சடங்கிற் கண்ணகி வழக்குரையை ஏடு பார்த்துப் படித்த ஊர்கள் இவை. திண்ணைப் பள்ளியில் அண்ணாவியார் முன் மணலில் விரலால் எழுதிக் கற்ற பிள்ளைகளும் இருந்தனர். ஆயினும் அக்கல்வி எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டியதன்று. பெண்பிள்ளைகளுக்கும், தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தவர்க்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. இதனை நாம் மறைத்துவிட்டு மிஷன் பாடசாலைகளைக் குறை கூறுதல் நேர்மையாகாது.

போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1638 இற் கைப்பற்றிய கோட்டை புளியந்தீவில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கும் அதுவே இருப்பிடமாயிற்று. எனவே 1814 இல் உவெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கியதும் அங்கேதான். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்து தனியராய் வந்தவர், சில மாதங்களுக்குள் பள்ளிகள் பலவற்றைத் தொடங்கி, 1815 ஏப்ரலில் இங்கேயே உயிர் நீத்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே எண்ணுகின்றது. வின்சன்ற் மகளிர் பாடசாலை 1820 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கின்றது. கத்தோலிக்கரின் அர்ச். மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றிப் பின்னர் யேசு சபைக் குருமார் கையில் வளர்ந்தது.

இப்பாடசாலைகளின் நோக்கம் மதமாற்றமும் ஆகும். அதனை அவர்கள் மறைக்கவுமில்லை. பள்ளிக்கூடம் எழுந்த இடத்தில் ஒரு சிறு சபையும் கூடிற்று. ஆனால் சைவப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் வேதபாடத்தையும் கேட்டு, மாலையிற் கோவிலுக்கும் போய், திருநீற்றுடன் மறுநாளும் வகுப்புக்கு வந்தனர். யானும் மிஷன் பாடசாலையிற் படித்தவனே. வேதபாடப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியதற்காக வீட்டில் ஒருவரும் என்னைக் கடிந்ததில்லை!

இவ்வாறு படித்தவர்களுள் தலையாயவர் விபுலானந்த அடிகள். காரைதீவில் 1892 இற் பிறந்த மயில்வாகனனார், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார், யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, தாம் பயின்ற பள்ளிகளின் ஒழுங்கையும் விஞ்ஞானக் கல்வியையும் அவர் தள்ளிவிடவில்லை; சைவச் சூழலில் அவற்றை வைத்தார். மிஷன் கல்விக்கு நம்மவர் அளித்த விடைகளுள் இதனினும் சிறந்ததை யான் அறியேன்.

எனினும் ஒன்று கூற வேண்டும். சிவானந்தமும் எழுவான்கரையிலேயே அமைந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தாற் கிறிஸ்தவப் பாடசாலைகளும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அரசின் கைக்கு மாறத் தொடங்கின. உடைமை மாறிற்றே தவிர, கட்டடங்கள் வாவியைக் கடக்கவில்லை. உயர்வகுப்பை நாடிய படுவான்கரைப் பிள்ளை தோணித்துறையிற் காத்து நிற்கவோ, எழுவான்கரையில் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கவோ வேண்டியிருந்தது. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014 இலேதான்.

அத்துறையைக் கடந்து படித்த முதியோர் நம் சங்கத்திலும் இருத்தல் கூடும். எந்தத் துறை, எத்தனை மணிக்குத் தோணி, கடக்க முடியாமற் படிப்பை விட்டவர் யார் யார் என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க இளைஞர் சிலர் முன்வருவரேல், அடுத்த மலருக்கு அதுவே ஒரு கட்டுரையாகும்.