செஞ்சித் தூண்கள் கடற்கரைக்கு வந்த கதை

புதுச்சேரிக்குப் போனவர்களில், பீச் ரோட்டில் காந்தி சிலைமுன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அந்தப் படங்களில் சிலைக்குப் பின்னால் எட்டுக் கருங்கல் தூண்கள் தெரியும். உச்சிவரை சிற்பவேலை செய்த, ஓங்கி உயர்ந்த தூண்கள். கடலோர மணலில் இந்தக் கல் கிடைக்காது. மேற்கே அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி, மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையிலிருந்து வந்தவை இவை.

கோட்டையின் கீழ்ப்பகுதியில், நாயக்கர் காலத்து வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. அங்கிருந்துதான் பிரெஞ்சுக்காரர்கள் தூண்களை எடுத்துப்போனார்கள் என்பது செஞ்சியில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. முகலாயப் படை எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் பிடித்த கோட்டையை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார். அப்போது புதுச்சேரியின் ஆளுநர் துய்ப்ளேக்ஸ். அந்த வெற்றியின் அடையாளமாகத் தூண்கள் கடற்கரைக்குப் போயின.

வெற்றி நிலைக்கவில்லை. 1754இல் துய்ப்ளேக்ஸைப் பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரத்தை அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஏப்ரலில் செஞ்சியும் போனது. பிறகு புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி, மறுபடி எழுந்தது.

தூண்களுக்குப் பெருவாழ்வு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கப்பல் சரக்கு இறக்க 1866இல் இரும்புப் பாலம் போட்டார்கள். அதற்கு எதிரிலிருந்த திடலில் 1870இல் துய்ப்ளேக்ஸுக்குச் சிலை வைத்தார்கள். பீடத்துக்கும் செஞ்சிக் கோயில் கற்கள். சுற்றிலும் செஞ்சித் தூண்கள். சாமி கும்பிட வந்தவர்கள் நடந்த மண்டபத்தின் கற்கள், படையெடுத்தவரின் புகழுக்குக் காவல் நின்றன. 1934இல் காந்தி புதுச்சேரிக்கு வந்தபோதும் அங்கே துய்ப்ளேக்ஸ்தான் நின்றுகொண்டிருந்தார்.

1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. துய்ப்ளேக்ஸ் சிலை இடம் மாறி, இப்போது கடற்கரையின் தென்கோடியில் நிற்கிறது. அதை உடைக்காமல் விட்டது புதுச்சேரியின் பெருந்தன்மை என்றே நினைக்கிறேன். தூண்கள் கடற்கரைத் திடலிலேயே இருந்தன. நடுவே காந்தி வந்தார்.

நான் வசிக்கும் ஹூஸ்டனிலும் காந்தி பெயரில் ஓர் இடம் உண்டு. மளிகைக்கும் பட்டுப்புடவைக்கும் நாங்கள் போகும் ஹில்கிராஃப்ட் சாலைப் பகுதிக்கு 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் சூட்டினார்கள். கடை நடத்தும் குடும்பங்களின் உழைப்பால் வந்த பெயர் அது. பறித்த கல் எதுவும் அங்கில்லை. புதுச்சேரியில் காந்தியைச் சுற்றி நிற்பவை போரில் கொண்டுவந்த கற்கள். அகிம்சை பேசியவருக்கு அவற்றையே வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செஞ்சியின் பெயர் அங்கே படமெடுக்கும் கூட்டத்தின் காதில் விழாமல் போவது பொறுக்கவில்லை.

2025இல் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இனி அங்கே வருகிறவர்கள் பெருகுவார்கள். வெங்கடரமணர் கோயிலைக் காட்டும் வழிகாட்டி, இங்கிருந்து போன தூண்கள் புதுச்சேரியில் எங்கே நிற்கின்றன என்றும் சொல்லட்டும். புதுச்சேரி நகராட்சி தூண்களின் அடியில் செஞ்சியின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கட்டும், கைபேசியில் படமெடுக்கும் பிள்ளைகள் படிக்கும்படி பெரிய எழுத்தில்.