ஒரே வாசலா, பல வாசலா? ஒரு ரிட்டர்னின் கதை

சி படித்த எல்லோர் காதிலும் இந்த விதி விழுந்திருக்கும்: ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு ரிட்டர்ன்தான், அதுவும் கடைசி வரியில்தான் இருக்கணும். பி.காம். படிக்கிற என்னையே அது விடவில்லை. நடுவில் ஒரு ரிட்டர்ன் எழுதியதற்கு ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் ஒரு சுழி. ஏன் என்று கேட்டால், அதுதான் முறை என்று பதில். சரி, இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

கதை 1960களில், ஃபோர்ட்ரானில் ஆரம்பிக்கிறது. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தபோது, ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கே சொல்லிக்கொடுத்ததும் ஃபோர்ட்ரான்தான். அந்தக் காலத்து நிரல்களில் எங்கு பார்த்தாலும் கோட்டூ. ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான் 4-இல் ஒரு சப்ரூட்டீனின் நடுவிலும் நுழையலாம். முடிந்ததும் கூப்பிட்ட இடத்துக்கு வராமல் வேறு வரிக்கும் போகலாம். பிறகு யார் படித்துப் புரிந்துகொள்வது?

வரிசை, கிளை, சுழற்சி மூன்றும் போதும், எந்த நிரலையும் எழுதலாம் என்று 1966-இல் போம், ஜக்கோபினி இருவரும் நிரூபித்தார்கள். 1968 மார்ச்சில் டைக்ஸ்ட்ரா கோட்டூவைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு நுழைவு, கீழே ஒரு வெளியேற்றம் என்ற எண்ணம் பரவியது.

ஆனால் 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி-யில் ஒரு ஃபங்ஷனுக்கு நுழைவு எப்போதும் ஒன்றுதான். எத்தனை ரிட்டர்ன் போட்டாலும் திரும்புவது கூப்பிட்ட இடத்துக்கே. பழைய நோயில் பாதி இங்கே கிடையாது! 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்திலேயே, பைனரி தேடலில் விடை கிடைத்ததும் சுழற்சியின் நடுவிலிருந்து ரிட்டர்ன் ஆகிறார்கள் :)

அப்போ விதி வெறும் சம்பிரதாயமா? இல்லை. எங்கள் நெடுங்காடு காரைக்கால் பகுதியில் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்நாடு. வாஞ்சூர், நண்டலாறு என்று எல்லையில் சோதனைச்சாவடிகள். வெளியே போக ஒரே சாலைதான் என்றால் ஒரு சாவடி போதும். பல சாலை என்றால் ஒவ்வொன்றிலும் ஆள் நிற்கணும், ஒன்றை மறந்தாலும் சரக்கு போய்விடும். சி-யிலும் அப்படித்தான். வாங்கிய மெமரியை விடுவிக்கணும், திறந்த ஃபைலை மூடணும். நடுவில் ஒரு ரிட்டர்னில் அதை மறந்தால் கசிவு.

அதனால்தான் கார் மென்பொருளுக்கான மிஸ்ரா விதிகள் 2004 பதிப்பில் ஒற்றை வெளியேற்றத்தைக் கட்டாயமாக்கின. 2012-இல் அதையே வெறும் ஆலோசனையாக இறக்கிவிட்டார்கள். லினக்ஸ் கெர்னல்காரர்கள் வழி வேறு. சுத்தம் செய்யும் வேலை இருந்தால் கோட்டூ போட்டுக் கடைசிக்கு வா, இல்லையென்றால் நேராக ரிட்டர்ன் ஆகு. டைக்ஸ்ட்ரா திட்டிய கோட்டூவே ஒற்றை வாசலைக் காப்பாற்றுகிறது!

ஒற்றை வாசல் மட்டும் பாதுகாப்பு தந்துவிடுமா? 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. ஒரு கோட்டூ வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தது. கையெழுத்துச் சோதனை நடக்காமலே ஃபங்ஷன் 'சரி' என்று திரும்பியது. அந்த ஃபங்ஷனுக்கு வெளியேற்றம் ஒன்றே ஒன்றுதான்.

என் முடிவு இது. உள்ளே வந்த மதிப்பு தவறா என்று முதல் வரிகளில் பார்த்துத் திரும்பிவிடுவது படிக்க எளிது. இல்லாவிட்டால் இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப். கையில் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருள் இருந்தால் மட்டும் ஒரே வாசல் வழியாகப் போகலாம். ஒரு விதியை மதிப்பதற்கு, அது எந்தத் தொல்லைக்காகப் பிறந்தது என்று தெரிந்திருக்கணும். சிவப்புச் சுழிக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் இவ்வளவு தேடியிருக்கவே வேண்டாம்.